மலைவழியில் மயூரா வீடு

கல்லூரி விடுதி, குந்தாபுரம்
18 ஜூன் 2023

எனக்குப் பத்து நிமிடம் முன்னால் பிறந்துவிட்ட காரணத்தால் தன்னை அக்கா என்று நினைத்துக்கொண்டிருக்கும் அவனிக்கு,

உயிரோடு இருக்கிறேன். விடுதி என்று பெயர், விடுதலை மட்டும் கிடையாது. காலையில் சிவப்பரிசிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள், அது ஆறுவதற்குள் எங்களையும் காய்ச்சுகிறார்கள். போன் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் வீட்டுக்கு மூன்று நிமிடம். கடிதம் எழுதலாம், ஆனால் வார்டன் பங்கேரா சார் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். (சார், வணக்கம். இன்றைய சாம்பார் பிரமாதம்.)

போன ஞாயிறு என் மூன்று நிமிடத்தை அப்பா எப்படிச் செலவழித்தார் தெரியுமா? "மயூரா கம்பம் ஏறினான்டா. மயூரா கேபிள் இழுத்தான்டா. மயூரா ரூட்டர்கிட்ட உக்காந்து பழகறான்டா." நடுவில் ஒரு தடவை, "நீ சாப்பிடறியா?" நான் பதில் சொல்வதற்குள் மயூரா மறுபடி கம்பம் ஏறிவிட்டான்.

அத்தை மகன் மயூரா, பாக்கு மரத்தில் ஏறினால் இறங்க மனசில்லாத மயூரா, என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஊருக்கே இணையம் கொடுக்கிற விக்னேஸ்வர ஹெக்டேயின் ஒரே மகன் இங்கே கஞ்சி குடிக்கிறான். காற்றில் இணையத்தைப் பிடித்துக் கொடுக்கிற மலை உச்சி ரேடியோவோடு மழையிலும் வெயிலிலும் மல்லுக்கட்டியது நான். நான் பஸ் ஏறிய வாரமே ஊருக்கு ஃபைபர் வந்ததாமே. பந்தல் போட்டவன் வெளியே, பந்தியில் உட்கார்ந்தவன் மயூரா.

எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. பொறாமை இல்லை. பொறுமைதான் இல்லை.

இரண்டு லைனையும் எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுது. பலா அப்பளமும் அனுப்பு.

சுமுக

*

ஹொன்னேகட்டே
26 ஜூன் 2023

சுமுகா,

அப்பளம் ஆயி கட்டிக்கொண்டிருக்கிறாள், பெற்ற மனம் ஆயிற்றே. உன் வார்டன் எடுத்தது போக மிச்சம் உனக்கு.

முதலில் ஒரு திருத்தம். நாற்காலியில் உட்கார்கிறவன் மயூரா. வேலை செய்கிறவள் நான், நின்றுகொண்டு. அவன் "மாமா, இந்தப் பச்சை விளக்கு எதுக்கு?" என்று கேட்கிறான். அப்பா, "பாரு, எவ்வளவு ஆர்வம்" என்கிறார். இதே கேள்வியை நான் ஆறாம் வகுப்பில் கேட்டபோது, "தூசி தட்டிட்டு கீழ போ" என்றார்.

ஆமாம், இப்போது இரண்டு லைன். பழையது மலை ரேடியோ, காற்று தும்மினால் அதற்கு ஜலதோஷம். புதியது ஃபைபர். நல்ல வேகம், ஆனால் அப்பா வாங்கியிருக்கிற அளவு எல்லா வீட்டுக்கும் போதாது. அதனால் நான் ஒன்று செய்தேன்.

ரூட்டர் வழக்கமாக ஒரே கேள்விதான் கேட்கும். இந்த பாக்கெட், இந்தத் தகவல் பொட்டலம், எங்கே போகிறது? சிர்சி பஸ் கண்டக்டரைப் போல. "எங்க போகணும்?" அவ்வளவுதான். நீ எந்த வீடு, யார் மகன் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். கையில் ஒரு பட்டியல், அதில் இந்த ஊருக்கு இந்த வழி என்று இருக்கும், பார்த்து ஏற்றிவிடுவார். நான் அந்தப் பஸ் வாசலுக்கு முன்னால் இன்னோர் ஆளை நிறுத்தியிருக்கிறேன். அவன் கேட்பது வேறு: "நீ யாரு வீட்டுப் புள்ள?" பள்ளிக்கூடமா, சுகாதார நிலையமா, பால் சங்கமா, ஃபைபரில் ஏறு. ஸீதாராம பட்டர் வீட்டு சீரியலா, மலையைச் சுற்றிக்கொண்டு போ. அவன் கையில் விதிகள் வரிசையாக இருக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு பேச்சு முடிந்தது. எதுவுமே பொருந்தாதவர்களை மட்டும் கண்டக்டரிடம் விடுவான். பாலிசி ரூட்டிங் என்று பெயர். எல்லோரும் போவது ஒரே ஊர்தான். வழி மட்டும் ஆளுக்குத் தக்கபடி.

இதைத் தட்டச்சு செய்யும்போது நம் இருவரையும் நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் உன்னைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். நீயும் நானும் போக ஆசைப்பட்டது ஒரே கல்லூரி. வாசலில் நின்று அப்பா கேட்டது, "எங்க போகணும்" இல்லை.

சரி, விடு. ஹுப்பள்ளியில் ஒரு பயிற்சிக்கூடம் திறக்கிறார்கள். மலைநாட்டில் இணையம் நடத்துகிற எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரே ஒருவர். வீடியோவில் நேர்காணல். எடுபட்டால் ஒரு வருடம் அங்கேயே தங்கி ரூட்டர் வேலை முழுதும் கற்றுக்கொள்ளலாம், பி.யு.சி. தேர்வையும் அங்கிருந்தே எழுதலாம். செலவு அவர்களுடையது. அறிவிப்பை அப்பாவின் மேஜையில், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேறு யார் பெயரை எழுத முடியும்?

அவனி

*

விடுதி
2 ஜூலை 2023

ஏ மாராய்தி, மகராசி,

மதிப்பெண்ணைச் சொல்லிச் சொல்லியே உன் மதிப்பைக் குறைத்துக்கொள்கிறாய். இந்தக் கஞ்சிக்காகவா நீ அழுகிறாய்? வா, மாற்றிக்கொள்ளலாம். இங்கே கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு. பூட்டுக்கு எண்ணெய் போடுகிறார்கள், கதவைத் திறப்பதில்லை.

உன் வாசல்காரனை எனக்குப் பிடித்துவிட்டது. நான் ஊரில் இருந்தபோது நமக்கு இருந்தது ஒற்றை லைன், இந்த வித்தைக்கு வழியில்லை. இப்போது வழி இருக்கிறது, வித்தைக்காரன் இல்லை. ஆகவே ஒரு யோசனை.

பொறாமை என்ற சொல்லுக்குள் ஓர் ஆமை இருக்கிறது, கவனித்தாயா? அதை வெளியே எடு. மயூரா வீட்டு லைனில் விடு.

புரியவில்லையா? மயூரா வீட்டிலிருந்து எது வந்தாலும் மலைவழி என்று வாசல்காரனிடம் ஒரு விதி கொடு. வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே வை. ஐயா மாலையில் கிரிக்கெட் பார்க்க உட்காருவார். பந்து வீசியவன் கை காற்றிலேயே நிற்கும். மட்டை அடிப்பதற்குள் அத்தை தோசை சுட்டு முடித்துவிடுவாள். மாமாவிடம் ஓடி வருவான். மாமா என்ன செய்வார்? எப்போதும் செய்வதைத்தான். ரூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து அதிலிருந்தே சோதிப்பார். இங்கேதான் அழகு. வாசல்காரன் வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்களைத்தான் நிறுத்திக் கேட்பான். ரூட்டர் தானாக அனுப்புவது வீட்டுக்குள் பிறந்த பிள்ளை, அதை யாரும் நிறுத்துவதில்லை. அது நேரே ஃபைபரில் போய்த் திரும்பி வரும். "லைன் கல்லு மாதிரி இருக்கு, உன் டிவியத் தட்டிப் பாரு" என்பார் அப்பா. வழிப்பட்டியலைத் திறந்து பார்த்தாலும் அது கங்கையில் குளித்தது போலச் சுத்தமாக இருக்கும். ஏனென்றால் குற்றம் பட்டியலில் இல்லை, வாசலில்.

(பங்கேரா சார், இது ஓர் ஆமைக் கதை. நீதிபோதனை வகுப்புக்காக.)

ஹுப்பள்ளி விஷயம் படித்தேன். நீ போனால் அந்த அறை முழுக்க மயூராவுக்கா? அதை யோசித்தாயா?

சுமுக

*

ஹொன்னேகட்டே
11 ஜூலை 2023

சுமுகா,

அப்பா பெயரை எழுதி அனுப்பிவிட்டார். மயூரா.

சாப்பிடும்போது சொன்னார், ஊறுகாய் எடு என்பது போல. நான் கேட்டேன். "அப்பா, விதி எல்லாம் எழுதினது நான்."

"இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்ப ஏன் அவன் பேரு?"

"டவர் சாஞ்சா நீ ஏறுவியா? ஹுப்பள்ளில ஒரு வருஷம் தனியா இருப்பியா? அவன் பி.யு.சி. முடிச்சிட்டு சும்மா நிக்கறான், அவனுக்கு ஒரு தொழில் வேணும். உனக்கு இங்க என்ன குறை? காலேஜு இருக்கு, வீடு இருக்கு, ரூட்டரும் இருக்கு."

"ரூட்டர் இருக்கு. நாற்காலி இல்ல."

"வேற நாற்காலி வாங்கிட்டா போச்சு" என்றார். கேலி செய்யவில்லை. நிஜமாகவே நாற்காலிதான் பிரச்சினை என்று நினைத்தார். ஆயி நடுவில் புகுந்து, "சண்டை வேணாம், தம்புளி ஆறுது பாரு" என்றாள். மோரில் கரைக்கிற தம்புளி எந்தக் காலத்தில் சூடாக இருந்தது?

மயூரா சாயங்காலம் வந்தான். "அவனி, இன்டர்வியூல என்ன கேப்பாங்க? கொஞ்சம் சொல்லிக்குடேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே." முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கள்ளனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். நான் சொல்லியும் கொடுத்தேன். சொல்லச் சொல்ல, என் வாயிலிருந்து என் சீட்டை நானே எடுத்து அவன் கையில் வைப்பது போல இருந்தது. அவன் போகும்போது அத்தைக்கு ஒரு பிடி கறிவேப்பிலை வேறு கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு சந்தேகம். பொது அறிவுக்காகத்தான். மழை வந்ததும் பட்டர் வீட்டு வகையறாவை எல்லாம் மலையிலிருந்து இறக்கி ஃபைபரிலேயே நெருக்கி ஏற்றிவிட்டேன். மலை ரேடியோ இப்போது ஆளில்லாத சத்திரம். அதில் ஒரே ஒரு வீட்டை மட்டும் ஏற்றினால் எங்கேயாவது சிக்குமா? விதி எழுத எனக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளும் இடம் எது என்பதை மட்டும் எழுது. குறும்பில் உனக்குத்தான் அனுபவம்.

சீக்கிரம்.

அவனி

*

ஹொன்னேகட்டே
28 ஜூலை 2023

சுமுகா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்காதபோது நாலு பக்கம், கேட்டால் மௌனம். பெயரில்தான் சுமுகம்.

நீ இல்லாமலே செய்துவிட்டேன். வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே. மயூரா வீடு, மலைவழி. மூன்று நாளாகிறது. நீ சொன்னபடியே மாமாவிடம் ஓடி வந்தான், நீ சொன்னபடியே அப்பா ரூட்டர் முன்னால் உட்கார்ந்து சோதித்தார், "கல்லு மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வந்தது, பாதி.

நேர்காணல் ஆகஸ்ட் ஐந்து, சனிக்கிழமை காலை, அவன் வீட்டிலிருந்தே. வீடியோவில் கொஞ்சம் திக்குவான். கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம் போகும். அவ்வளவுதான். விழமாட்டான், தடுக்குவான். நானும்தான் தடுக்கினேன், யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.

அவனி

*

விடுதி
1 ஆகஸ்ட் 2023

அவனி,

இதைப் படித்து முடிக்காதே. முதலில் மேலே போ. ரூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு படி.

உன் சந்தேகம் கிடைத்த அன்றே பதில் எழுதினேன். இந்தத் தடவை ஆமை, பஸ் எல்லாம் விட்டுவிட்டு, பெயர்கூடப் போடாமல், நீ அப்படியே தட்டச்சு செய்யும்படி வரிகளாகவே எழுதினேன். பங்கேரா சார் பிடித்துக்கொண்டார். "பெர்மிட்னு போட்டிருக்க, மேட்ச்னு போட்டிருக்க, நடுவுல நம்பரு. யாருடா அந்தப் பொண்ணு? எங்க மீட் பண்றீங்க?" என்றார். அக்காவுக்கு எழுதினது சார் என்றால், "அக்காவுக்கு யாராவது நம்பர்ல எழுதுவாங்களா?" என்கிறார். கடிதம் அவர் மேஜை டிராயரில். இதை எங்கள் சமையல்காரர் பிரபாகரண்ணன் ஊருக்குப் போகும்போது தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மலை உச்சியில் ரேடியோ செத்துப்போனாலும், மலையைப் பார்த்து நிற்கிற நம் கூரைப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள ஒயர் சாகாது. விளக்கு பச்சையாகவே எரியும். வாசல்காரன் அந்தப் பச்சையைப் பார்த்து, வழி இருக்கிறது, போ என்று தள்ளிக்கொண்டே இருப்பான். மலையில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அனுப்பியது எல்லாம் பள்ளத்தில். பக்கத்திலேயே ஃபைபர் சும்மா நின்றாலும் அதில் ஏற்ற மாட்டான், அவன்தான் கண்டக்டரிடமே விடுவதில்லையே. ஊரில் எல்லோருக்கும் லைன் இருக்கும். மயூராவுக்கு மட்டும் மெதுவாகக்கூட இருக்காது. இருக்கவே இருக்காது.

அதனால் ஒரு வரி சேர். அடுத்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பு, பதில் இல்லையென்றால் கண்டக்டரிடம் விடு என்று. டிராயரில் கிடக்கிற அதே வரி, பின்பக்கத்தில்.

அதைவிட நல்லது, விதியையே எடுத்துவிடு. கிரிக்கெட்டைக் கெடுக்கச் சொன்னேன். அவன் சீட்டைக் கெடுக்கச் சொல்லவில்லை.

சுமுக

*

ஹொன்னேகட்டே
7 ஆகஸ்ட் 2023

சுமுகா,

உன் கடிதம் இன்று வந்தது. சனிக்கிழமை போய்விட்டது.

வெள்ளி முழுக்கக் காற்று. மலை உச்சியில் ஒரு மரம் சோலார் பலகை மேல் விழுந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள என்ன அவசியம்? யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சனி காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மயூரா ஓடி வருகிறான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கால் முழுக்கச் சேறு. "மாமா, லைன் சுத்தமா இல்ல. கூப்பிட்டுட்டாங்க. ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது."

அப்பா ரூட்டரில் சோதித்தார். "கல்லு மாதிரி இருக்குடா."

"பட்டர் வீட்டுல சீரியல் ஓடுது மாமா. எனக்கு மட்டும் இல்ல."

"உன் லேப்டாப்ப அணைச்சு போடு."

ஓடினான். திரும்பி ஓடி வந்தான். நான் அதற்குள் மேலே போய் மலையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கூரைப் பெட்டியின் விளக்கு மட்டும் பச்சையாக என்னைப் பார்த்தது. விதியை அழிப்பதற்குள் அவசரத்தில் விதி வரிசையை முழுதாகத் திறந்துவிட்டேன். அப்பா பின்னால் நின்றிருந்தார். வரிசையின் தலையில் மயூரா வீட்டு எண், பக்கத்தில் எத்தனை பாக்கெட்டை மடக்கியிருக்கிறது என்ற கணக்கு, அவர் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன? இத யாரு போட்டது?"

அழித்தேன். லைன் வந்தது. நேர்காணல் முடிந்துவிட்டிருந்தது.

"யாரு போட்டதுன்னு கேட்டேன்."

வாயைத் திறந்தேன். அதற்குள் மயூரா, "நான்தான் மாமா. மலை லைன் தாங்குதான்னு பாக்கப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்" என்றான்.

அப்பா அவனை அறைவார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தார். "ஊரான் வீட்டுல சோதிக்காம தன் வீட்டுல சோதிச்சிருக்கான் பாரு. தொழில்காரன்னா இவன்."

கீழே வந்ததும் அவனைப் பிடித்தேன். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீதான் போட்டேன்னு தெரியும். உங்கிட்டருந்து மாமா பாஸ்வேர்ட வாங்கிட்டா வேலையெல்லாம் என் தலையில விழும். எனக்கு பச்சை விளக்கத் தவிர ஒண்ணும் தெரியாது." பிறகு, "நீ என்னைக் கேட்டிருக்கலாம் அவனி" என்றான். எதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்லவில்லை.

சுமுகா, நான் வெட்கப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் அதற்கு மேலே வேறொன்று எரிகிறது. என் வேலைக்கு அப்பா அவன் பெயரை எழுதி அனுப்பினார். இப்போது என் குற்றத்தையும் அவனே செய்துவிட்டான். அதற்கும் பாராட்டு அவனுக்கு.

அவனி

*

விடுதி
14 ஆகஸ்ட் 2023

அவனி,

என்மேல் கோபப்படுவாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பங்கேரா சார் என் பழைய கடிதத்தை, "உங்கள் மகன் ரகசிய எழுத்தில் கடிதம் எழுதுகிறான், கண்டிக்கவும்" என்று ஒரு குறிப்போடு அப்பாவுக்கே அனுப்பிவிட்டார். நேற்று போனில் அப்பா. "எல்லா வரியும் உன் கையெழுத்துல இருக்கு. மயூராவுக்கு நீதான் எழுதிக் குடுத்தியா? அங்க உக்காந்துட்டு இங்க ரூட்டர ஓட்டிருக்க. போக்கிரி." திட்டுகிற வார்த்தைதான். ஆனால் குரலில் வெல்லம். ஸீதாராம பட்டரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினாராம், "என் பையன் எழுதினது" என்று.

அது நான் இல்லை அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று நிமிடம் இருந்தது. இந்த விடுதிக்கு வந்ததிலிருந்து அவர் என்னைப் பற்றியே பேசிய முதல் மூன்று நிமிடம். மயூரா ஒரு தடவைகூடக் கம்பம் ஏறவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நீயே சொல், நீயாக இருந்தால் திறந்திருப்பாயா?

சுமுக

*

ஹொன்னேகட்டே
30 ஆகஸ்ட் 2023

சுமுகா,

திறந்திருப்பேன். திறந்தேன்.

முதலில் மயூரா, பிறகு நீ. அடுத்து அந்த விதியை எழுதியது எங்கள் பூனை என்றாலும் அப்பா நம்பியிருப்பார். பூனையும் ஆண்தான்.

இருபதாம் தேதி ஞாயிறு மதியம் அப்பா சாய்வு நாற்காலியில் யக்ஷகானம் பார்த்துக்கொண்டிருந்தார், போனில். ராட்சசன் மேடைக்கு வருகிற கட்டம். நான் மேலே போய் ஒரு விதி போட்டேன். அப்பாவின் போன், மலைவழி. மலை அப்போதும் செத்துத்தான் கிடந்தது. ராட்சசன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான்.

அப்பா போனைத் தட்டினார். அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேலே ஏறி வந்து ரூட்டரில் சோதித்தார். "கல்லு மாதிரி இருக்கு. போன் கெட்டுப்போச்சு."

"கெடல. நான் நிறுத்தினேன்."

"நீயா? சும்மா இரு."

விதியை எடுத்தேன். கீழே ராட்சசன் கர்ஜித்தான். போட்டேன், அடங்கினான். எடுத்தேன், கர்ஜித்தான். கீழேயிருந்து ஆயி, "அவன விடுங்களேன், பாவம், மூச்சு முட்டுது" என்றாள்.

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "இன்னொரு தடவ பண்ணு" என்றார். செய்தேன்.

"மயூரா வீட்டுக்கு?"

"நான்."

"சுமுகா எழுதின காகிதம்?"

"அதுல ஒரு வரி மயூரா லைன் சுத்தமா சாகாம இருக்கறதுக்கு எழுதினது. எனக்கு வந்து சேரல."

"அவன்மேல உனக்கு அவ்வளவு கோவமா?"

"கோவம் இல்ல அப்பா. பொறாம."

அப்பா எழுந்து திரையை அணைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். அத்தை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி, என் வாயாலேயே சொல்ல வைத்தார். அத்தை கேட்டாள். உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தாள், சர்க்கரை போடாமல். குடித்தேன்.

மறுநாள் ஹுப்பள்ளிக்குப் போன் செய்தார். மழையில் லைன் போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார்களாம். "என் பொண்ணு பேரையும் எழுதிக்குங்க" என்றார். சீட்டு ஒன்றுதான், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நல்ல பெண்ணாக இருந்தால் நான் விலகியிருப்பேன் என்று நினைக்கிறாயா? விலகவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். நேர்காணல் அன்று காலை வாசல்காரனுக்கு விடுமுறை கொடுத்தேன். பள்ளிக்கூடம், பட்டர், மயூரா, நான், எல்லோருக்கும் ஒரே கேள்வி, எங்கே போகணும்? ஒரே அறை, ஒரே லைன். முதலில் அவன், அப்புறம் நான்.

அவனிடம், மலை ரேடியோ விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். "ஏறுவேன்" என்றான். நல்ல பதில்தான். என்னிடம், சமீபத்தில் செய்த தப்பு ஒன்றைச் சொல் என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் வீடு என்பதையும், ஏன் என்பதையும். அடுத்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று ஏன் பார்க்கவில்லை என்று ஓர் அம்மாள் கேட்டாள். "அந்த வரி வார்டனோட டிராயர்ல இருந்தது மேடம்" என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

சீட்டு எனக்கு. பத்தாம் தேதி கிளம்புகிறேன்.

மயூரா என்னோடு பேசுவதில்லை. பாஸ்வேர்டும் நாற்காலியும் இப்போது அவனிடம், நான் போகும் வரை தினமும் சொல்லிக்கொடுக்கிறேன், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான். வேகமாகக் கற்றுக்கொள்கிறான். மலை ரேடியோ முந்தாநாள்தான் பிழைத்தது, நேற்றிலிருந்து என் லேப்டாப் மட்டும் நத்தை. அப்பா ரூட்டரில் உட்கார்ந்து சோதித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்றார். மயூரா ஜன்னல் வழியாகப் பாக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த விதியைத் தேடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவனி

*

விடுதி
10 செப்டம்பர் 2023

ஹுப்பள்ளி அவனிக்கு,

உன் விடுதியில் போன் வைத்துக்கொள்ளலாமாமே. கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டே கிடையாதாமே. சப்பாத்தி மிருதுவாக இருக்குமாமே. இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? இன்று ஞாயிறு.

அப்பா உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு பேசினார். அவனிக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. அவனி போட்ட விதியை ஹுப்பள்ளி மேடம் வகுப்பில் பாடமாக நடத்தப் போகிறாராம். அவனி இல்லாமல் மலை ரேடியோவை யார் பார்ப்பது. அவனி ராட்சசனை நிறுத்தினாள் பாரு, அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. ராட்சசன் கதையை எனக்கு இரண்டு தடவை சொன்னார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அதிலும் கொஞ்சம் நேரம் போயிற்று.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நீ ஜூன் மாதம் எழுதியதை நினைத்தேன். வாசலில் அப்பா கேட்கிற கேள்வியைப் பற்றி எழுதியிருந்தாயே, அது. அன்றைக்கு நீ ஏதோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். இன்று மூன்று நிமிடம் முழுக்க அதன் மேலேயே நின்றேன்.

பொறாமையாக இருக்கிறது. இதில் சொல் விளையாட்டு ஒன்றும் இல்லை, தேடாதே.

இயற்பியல் தேர்வில் நான் வகுப்பில் முதல். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். பங்கேரா சார், "டைம் ஆச்சு, அடுத்த பையன் நிக்கறான்" என்று போனை வாங்கிவிட்டார்.

உன்னிடம்தான் போன் இருக்கிறதே. இது கையில் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, நீ சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்டுக்கொள்வார்.

உன் தம்பி
சுமுக